இடது லேனில் வெயில் ஏறும்போது

டிசம்பர் 16, செவ்வாய்

ரேஸ் டிராக்கின் இடது லேனுக்கு இன்றுதான் முதல் பூச்சு. பனி விலகும்வரை காத்திருந்தோம். ஈரத்தின் மேல், டயர் பிடிக்கப் பூசும் பிசினை அடித்தால் பாலாடை மாதிரி உரிந்து கையோடு வந்துவிடும். வெள்ளகோவில் பக்கம் மார்கழியில் இப்படித்தான், சூரியன் சாவகாசமாக எழுந்து வரும்.

வலது லேனுக்கு அடிப்பூச்சை முடித்துவிட்டுத்தான் தங்கச்சி பிரசவத்துக்குக் காரமடை போயிருந்தேன். இடது லேனைச் சுரண்டிச் சுத்தம் செய்து வெறும் காங்கிரீட்டாக விட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அப்படியே இருந்தது, யாரோ கூட்டி வேறு வைத்திருந்தார்கள். அவராகத்தான் இருக்கும். நான் இல்லாத நேரத்தில் என் வேலையைச் செய்து வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பது என் வீட்டுக்காரர் சாமுவேலின் பழக்கம்.

டிராக்டர் ஓட்டும் ரவிக்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். செருப்பு கிடையாது. பிசின் பூசிய இடத்தில் வெறுங்காலோடு இறங்கிவிட்டு, கால் வராமல் கொக்கு போல் நின்றார். மாலை போட்டவரைத் திட்ட முடியாது. "சாமி, பாத்து வாங்க சாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஜனவரி 25 பைக் பந்தயம். முந்தின நாள் கோவையிலிருந்து கமிட்டி வந்து பார்க்கும். இரண்டு லேனும் ஒரே மாதிரி டயரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. டிராக் முதலாளி பாலுசாமி அண்ணன் நேற்றே போனில் சொல்லிவிட்டார். இந்த வருசம் ஓடவில்லை என்றால் டிராக்கை மூடிவிட்டு குடோன் கட்டிவிடுவாராம். டயர் ரீட்ரெடிங் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தக் கால் மைல் ரோட்டை நம்பி வந்தவள் நான். குடோனில் எனக்கு என்ன வேலை?

டிசம்பர் 17

இரண்டாம் பூச்சு. காய்ந்தது. நாளை ரப்பர் ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

ஒன்றும் புரியவில்லை.

ரேஸ் டயர்களைச் சட்டத்தில் மாட்டி, மேலே மணல் மூட்டை ஏற்றி, டிராக்டரில் கட்டி இரண்டு லேனிலும் தேய்த்தாகிவிட்டது. பிசின் மேல் ரப்பர் கறுப்பாக ஏறிவிட்டது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

என் சோதனை எளிதுதான். ரேஸ் டயரில் வெட்டிய துண்டு, அதன் மேல் எடைக்கல், கொக்கித் தராசை மாட்டி இழுப்பேன். துண்டு நகர ஆரம்பிக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். காலையில் இரண்டு லேனிலும் ஒரே அளவு. சரி, ஜெயித்தாச்சு என்று டீ குடிக்கப் போனேன். உச்சிவெயிலில் மறுபடி இழுத்தால், வலது லேன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, இடது லேனில் துண்டு விசுக்கென்று நழுவுகிறது.

இது தலைகீழ். குளிரில் பிசின் விறைக்கும், வெயிலில் இளகி ஒட்டும். வெயில் ஏறினால் பிடிப்பு கூட வேண்டும். இங்கே ஏன் குறைகிறது? பிசின் டப்பா கெட்டதா? அதே டப்பாதான் வலது லேனுக்கும். ஸ்பிரிட் அதிகமாகிவிட்டதா? நான்தானே கலந்தேன்.

ரவிச்சாமி மட்டும், "இந்தப் பக்கம் மத்தியானத்துல காலு வழுவழுங்குதுங்கம்மா" என்றார். "விரதத்துல சரியாச் சாப்பிடறதில்ல, அதான் சாமி" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன்.

கோவில் ஆராதனை முடிந்து சாமுவேல் வண்டியோடு வந்தார். அவர் பட்டறை வைத்திருப்பது ஊர் வண்டிகளுக்கு, உயிர் வைத்திருப்பது இந்த ஒரு வண்டிக்கு. ஜனவரி பந்தயத்தில் ஓட்டப்போகிறார். வலது லேனில் ஒரு முறை போனார், அம்பு மாதிரி போனது. "இப்ப லெஃப்ட்டு" என்றார். வேண்டாம், வெயில் இறங்கட்டும் என்றேன். கேட்டால்தானே? எதையும் கேட்டுச் செய்த மனுஷன் இல்லை.

கிளட்சை விட்டதும் பின் டயர் முன்னே போகாமல் பக்கவாட்டில் ஓடியது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் ஒரு செருப்போடு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அம்மணி, வண்டியப் பாரு."

"வண்டி கெடக்கட்டும்! மொதல்ல கால மடக்குங்க!"

மடக்கினார். முழங்கால் தோல் போயிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. வண்டி இன்னும் வேகம் பிடித்த பிறகு இது நடந்திருந்தால்? நினைக்க மாட்டேன். நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்தக் கோபம் அத்தனையும் ரவிக்குமார் மேல் போய் விழுந்தது. டிராக்டர் டீசல் ஒழுகியிருக்கிறது, அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். சாமி என்றும் பார்க்கவில்லை, வயசு என்றும் பார்க்கவில்லை. அவர் டிராக்டருக்கு அடியில் படுத்து விரலால் தடவிக் காட்டினார். "எங்கீமே ஒழுகலீங்கம்மா." சாமுவேல் கல்லாட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலும் பேசவில்லை. வாய் மூடாத மனுஷன். வலி அதிகமோ? கேட்டால் தலையை ஆட்டுகிறார். காயத்துக்கு மருந்து போடும்போது என் தலையில் கை வைத்தார், எதற்கென்று தெரியவில்லை.

டிசம்பர் 22

பாலுசாமி அண்ணன் நேரில் வந்தார். இடது லேனில் ஷூவைத் தேய்த்துப் பார்த்தார். "ஏம்மா, ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடு. நான் குடோனுக்கு ஆளப் பாக்கறேன்" என்றார். ஆகுமுங்க என்றேன். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். இந்த நாளைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட வரவில்லை. பனியில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நின்றது. அவர் புதுச் சட்டையில் பவுடர் வாசனையோடு வந்து பாட்டிலை வாங்கினார். "குடு, செவுத்து மேல வெக்கறேன். வெயில் ஏறுனா தன்னால எளகிரும்."

சீப்போடு அப்படியே நின்றுவிட்டேன். காலையில் உறையும், வெயில் ஏறினால் இளகும்.

ஆராதனையில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்ததும் புதுச் சேலையோடு நேராக டிராக்குக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். இடது லேனில் காங்கிரீட் பலகைகள் சேரும் இடுக்கில் மட்டும் பிசின் சரியாக மூடியிருக்காது. மண்டி போட்டுப் பார்த்தேன். எறும்பு வரிசை. வலது லேனில் ஒன்றுகூட இல்லை. விரலை இடுக்கில் விட்டுத் தேய்த்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். என் தலையில் என்ன மணமோ அதே மணம்.

ரேஸ் டிராக்கில் தேங்காய் எண்ணெய் எங்கிருந்து வரும் என்று நான் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பொன்னாத்தா அக்கா வந்து அழுதுச்சு அம்மணி. மழ பேஞ்சு களமெல்லாஞ் சேறு. அத்தன தேங்காப் பருப்பும் பூசணம் புடிக்குதுன்னுச்சு. நீ ஊர்ல இல்ல..."

பொன்னாத்தாள் அக்கா அடுத்த தோட்டத்தில் தேங்காய் வாங்கி உடைத்து, பருப்பைக் காயவைத்துச் செக்குக்குப் போடுகிறவர். நல்ல மனுஷி. டிராக்கின் காங்கிரீட் மாதிரி ஒரு களம் இந்த வட்டாரத்தில் யாருக்குக் கிடைக்கும்?

"அதனால?"

"ரைட்டுல நீ பசை அடிச்சு வெச்சிருந்த. ஒட்டிக்கும், உன்ற வேலை கெட்டுப்போகும்னு லெஃப்ட்டுல போட்டுக்கச் சொன்னேன். காஞ்சதும் சுத்தமாக் கூட்டிக் குடுத்துட்டுத்தான் போச்சு. எண்ணெ எறங்கும்னு சத்தியமா எனக்குத் தோணலை."

அட கெரகமே! அதிலும் என் வலது லேன் மேல் எத்தனை அக்கறை!

"எப்பத் தோணுச்சு?"

"விழுந்தப்ப."

விழுந்தபோது. நாலு நாளாகத் தெரிந்திருக்கிறது. ரவிச்சாமியை நான் அந்தக் கத்துக் கத்தியபோதும் தெரிந்துதான் நின்றிருக்கிறார். "சொன்னா நீ ஒடைஞ்சு போயிருவீன்னு பயந்துபோட்டேன்" என்கிறார். நான் உடைய மாட்டேன். இவர் பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பார், எதிர் வீட்டுக்கு என் மிக்ஸியைக் கொடுப்பார், கொடுத்தது தெரிந்தால் நான் திட்டுவேன், மறப்பேன். கொடுத்ததற்கு இல்லை இந்தக் கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாமே? அந்தப் பாவப்பட்ட மனுஷன் டிராக்டருக்கு அடியில் படுத்துத் தடவிக் காட்டினாரே!

பிரியாணி அப்படியே இருக்கிறது. நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. சாப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 26

பேசவில்லை.

டிசம்பர் 27, சனி

ரவிச்சாமி இன்று மலைக்குக் கிளம்பினார். இருமுடி கட்டும் இடத்துக்குப் போனேன். எல்லாரும் வரிசையாகச் சாமிகள் காலில் விழுந்தார்கள். நானும் அவர் காலில் விழுந்தேன்.

"அய்யோ, என்னங்கம்மா நீங்க போயி!"

"சாமியாச்சுங்களே, விழுகோணுமல்ல" என்றேன். பிறகு காதோடு சொன்னேன், "டீசல் இல்லீங்க சாமி, தேங்காயெண்ணெ. என்ற ஊட்டுக்காரரு பண்ணுன வேலை. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்."

ஒரு நிமிசம் முழித்துவிட்டு, இருமுடியோடு தோள் குலுங்கச் சிரித்தார். "அய்யப்பனுக்கு நெய்த்தேங்கா கொண்டு போறேன். அங்க எண்ணெயப் பத்தி ஒரு வார்த்த சொல்லி வெக்கறேன்."

டிசம்பர் 29, திங்கள்

இடது லேனில் பூசிய பிசினை மொத்தமாகச் சுரண்டி எடுக்கிறோம். எண்ணெய்க்கு மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது தண்ணீர் மேல் எழுதிய கோலம்தான். கீழே வெறும் காங்கிரீட் வரவேண்டும், எண்ணெய் துளித் துளியாய் வெளியே வரவேண்டும்.

ரவிக்குமார் இல்லாததால் சாமுவேல் பட்டறையை அரை நாள் பூட்டிவிட்டு வருகிறார். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நீளச் சுரண்டியைத் தள்ளுகிறார். நாங்கள் பேசும் பேச்சு: "தள்ளுங்க." "நிறுத்துங்க." "அந்தக் கோடி விட்டுப்போச்சு." அவ்வளவுதான். மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து பாதியை அவர் பக்கம் நகர்த்தினேன். இதை நான் பேச்சில் சேர்க்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

பொன்னாத்தாள் அக்கா வந்துவிட்டார். தனியாக இல்லை, களத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, டெம்போ நிறைய மூட்டையோடு.

அவரைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. "கண்ணு, என்ற புத்தியச் செருப்பால அடிக்கோணும். நெலம் எண்ணெ குடிக்கும்னு எனக்குத் தெரியாதா? களத்துக்காரி எனக்கே தெரியாதா? மழையப் பாத்து மதி கெட்டுப்போச்சு. உன்ற ஊட்டுக்காரரு ஒரு பாவமும் அறியாத ஆளு, அவரோட மொகம் குடுத்துப் பேசு" என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டார். இவரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார் என் ஆள்!

"மூட்டையில என்னங்கக்கா?"

"அரப்பு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நோம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அரப்பு! "தலையில தேச்ச எண்ணெயே அரப்புல போகுது, ரோட்டுல போவாதா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்கிறார். எனக்கும் வேறு வழி இல்லை. அரப்பைக் கரைத்து லேன் முழுக்கச் சாணி மெழுகுவது போல் மெழுகினார்கள். வெயிலில் காயவிட்டு, தென்னை விளக்குமாற்றால் தேய்த்து, தண்ணீர் அடித்தோம். பச்சையாக நுரை. ஒரு பெண் வழுக்கி உட்கார்ந்து அப்படியே சறுக்கிக்கொண்டே போனாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாமுவேல் மட்டும் நான் சிரிக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தார்.

ஜனவரி 4

மேல் எண்ணெய் போய்விட்டது, நிஜமாகவே. காங்கிரீட்டின் கண்ணுக்குள் இறங்கியது மட்டும் உச்சிவெயிலில் இன்னும் கசிகிறது. காகிதத்தை ஒட்டி வைத்தால் மஞ்சள் புள்ளி வருகிறது. அதற்குச் சூடு வேண்டும்.

ஜனவரி 7, புதன்

சமையல் பாத்திரக் கடையிலிருந்து கல்யாண அண்டாக்கள் வந்தன. அக்காவின் களத்துச் சிரட்டையை எரித்து டிராக் ஓரமாகவே தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். சலவை சோடாவைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தேய்த்து, எண்ணெய் மேலே மிதந்ததும் சாக்கால் ஒற்றி எடுக்கிறோம். மறுபடி ஊற்று. மறுபடி ஒற்று. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரிக்கிறார்கள்.

ரவிக்குமார் மலையிலிருந்து வந்துவிட்டார். அரவணைப் பிரசாத டப்பா கொண்டு வந்தார். இப்போது காலில் செருப்பு. இனிமேல் திட்டலாம், ஆனால் மனசு வரவில்லை.

ஜனவரி 10

உச்சிவெயில். காகிதம் வெள்ளையாகவே இருக்கிறது. எறும்பு இல்லை.

இன்னும் ஒரு தடவை ஊற்றச் சொன்னேன். ரவிக்குமார் முறைத்தார்.

ஜனவரி 12, திங்கள்

இடது லேனுக்கு மறுபடியும் முதல் பூச்சு. பொறுமையாக, மெல்லியதாக. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. சாமுவேல் தினமும் வருகிறார். டயர்ச் சட்டத்தின் மேல் மணல் மூட்டையை அவர்தான் ஏற்றுகிறார், கால் நொண்டுவதை நான் பார்க்காத பக்கமாக நின்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஆளோடு எவ்வளவு நாள்தான் கோபமாக இருப்பது? கோபமாக இருப்பதும் ஒரு சோலியாகிவிட்டது எனக்கு.

ஜனவரி 15

பொங்கல். கரும்பை உரித்து, துண்டு போட்டு, என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். தின்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கொக்கித் தராசு: காலையில் இரண்டும் ஒன்று. உச்சியில் இரண்டும் ஒன்று, இரண்டுமே காலையைவிட அதிகம். பல முறை இழுத்தேன். ரவிக்குமாரை இழுக்கச் சொன்னேன். வழியில் போன பால்காரரையும் இழுக்கச் சொன்னேன்.

தராசு சொல்கிறது, மனசு நம்பவில்லை. டயர்த் துண்டை இழுப்பது வேறு, ஒரு மனுஷனை ஏற்றிக்கொண்டு வண்டி சீறுவது வேறு. அந்த மனுஷன் வேறு என் வீட்டில் தூங்குகிறவர்.

ஜனவரி 24, சனி

கமிட்டி ஆள் வந்தார். நஞ்சுண்டன் என்று பேர், அளந்துதான் பேசுவார். நாளை ஓட்டப்போகும் பசங்களும் பெண்களும் காலையிலேயே வந்து கூடிவிட்டார்கள். கதை அதற்குள் கோவை வரை போயிருந்தது. இடது லேனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள், தேங்காய் லேன்!

நஞ்சுண்டன் தராசைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். "அளவு சரிதாங்க. ஆனா உச்சிவெயில்ல ஒரு வண்டி முழு வேகத்துல லெஃப்ட்டுல போகோணும். அப்பறம்தான் கையெழுத்து. யாரு போறீங்க?" என்றார். எல்லாருக்கும் திடீரென்று வண்டிச் செயினில் வேலை வந்துவிட்டது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சாமுவேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தார். "நானுங்க."

அவரைத் தடுக்க ஆயிரம் காரணம் தோன்றியது, ஆனால் தடுத்தால் என் லேன் சரியில்லை என்று நானே சொன்னதாக ஆகும். தடுக்காமல் ஏதாவது நடந்தால்? தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட்டிங் கோட்டில் இறங்கி, அவர் பின் டயர் நிற்கப்போகும் இடத்தில் குதிகாலை வைத்துத் திருகினேன். சரசரவென்று இறுக்க வேண்டியது, ஓரிடத்தில் குழைந்தது. நேற்று அங்கே கடைசிப் பூச்சு. ஏன் காயவில்லை? நிமிர்ந்து பார்த்தால், பாலுசாமி அண்ணன் விடியற்காலையில் கட்டிய வரவேற்பு பேனர், கைகூப்பிய அவருடைய பெரிய படத்தோடு, சரியாக அந்த இடத்தில் நிழல் போட்டு நிற்கிறது!

"அத அவுக்கோணுமுங்க."

"என்னம்மா பேசற? என்ற போட்டோவா ரோட்ட வழுக்குது?"

"ஆமாங்க, உங்க போட்டோதான்!"

கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நஞ்சுண்டன் வாட்சைப் பார்த்தார், இன்னொரு ஊருக்குப் போக வேண்டும் என்றார். "போறதுன்னாப் போங்க. இந்த எடம் காயாம நான் வண்டிய விட மாட்டேன்" என்றேன். குடோன் என்றால் குடோனாகட்டும், இவர் முழங்காலை மறுபடி நான் பார்க்க மாட்டேன். பேனரை அவிழ்த்தார்கள். நான் அந்த இடத்தைச் சுரண்டி, மெல்லப் பூசி, வெயிலில் காவல் காத்தேன். நஞ்சுண்டன் போகவில்லை. இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சி தாண்டிய பிறகு திருகினேன். பிடித்தது. நிமிர்ந்தபோது அவர் வண்டியில் ரெடியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன். ஒரு மாசமாக லேன் பேச்சைத் தவிர வேறு பேசாத நான் அப்போதும் லேன் பேச்சைத்தான் பேசினேன்.

"முழுசா முறுக்குங்க. பயந்துக்கிட்டுப் பாதி முறுக்குனா ஒண்ணும் தெரியாது."

"நீ சொன்னாச் செரி" என்றார்.

முழுசாக முறுக்கினார். நான் டயரை மட்டும் பார்த்தேன். நழுவவில்லை, சுற்றவில்லை. தரையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. சத்தம் தூரத்தில் போய் அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

அந்தக் கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு லேனிலேயே நடந்து வந்தார். பாதி வழியில் ஒரு ஷூ பசையில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. குனிந்து இழுத்தார், வரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு ஒரு காலில் சாக்ஸோடு எட்டி எட்டி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகை, எது முதலில் என்று தெரியவில்லை. "ஏனுங்க, ஷூவ யாரு கேட்டாங்கன்னு குடுத்துட்டு வந்தீங்க?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "தப்புத்தான் அம்மணி. எல்லாந் தப்புத்தான்" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் எல்லாரும் வலது லேன்தான் கேட்டார்கள். நேற்று கண்ணால் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் விதி இதுதான்: முந்தின சுற்றில் யார் வேகமோ அவர் அடுத்த சுற்றுக்கு லேனைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்க முடிந்த அத்தனை பேரும் வலது என்றார்கள். சாமுவேல் மட்டும், முறை வந்த ஒவ்வொரு தடவையும், மைக்கில் கேட்கட்டும் என்று சத்தமாக, "லெஃப்ட்டு" என்றார். லொள்ளுப் பிடித்த மனுஷன். இடதில் ஓடினார், ஜெயித்தார். மறுபடி இடது, மறுபடி ஜெயித்தார்.

மத்தியானம் ஆகும்போது முணுமுணுப்பு மாறியிருந்தது. இடதில்தான் கிளம்பல் சுத்தமாக இருக்கிறதாம். ஒரு பையன் இடது கேட்டான். இன்னொருவன் கேட்டான்.

இறுதிச் சுற்று. சாமுவேலும் கோவையிலிருந்து வந்த ஹர்ஷிணி என்ற பெண்ணும். இருபது வயசுதான் இருக்கும், வண்டியில் உட்கார்ந்தால் அசைய மாட்டாள். முந்தின சுற்றில் அவள்தான் வேகம், அவளுக்குத்தான் தேர்வு. நடந்து வந்தாள், இரண்டு லேனையும் ஷூவால் திருகிப் பார்த்தாள், யோசிக்கவே இல்லை. "லெஃப்ட்டு" என்றாள்.

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் வலதில் போய் நின்றார்.

ஒரு சக்கர அளவில் தோற்றார். இடது ஜெயித்தது.

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஓடினேன். கிடைக்க வேண்டிய கோப்பை, அதுவும் என் லேனால் போயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றினால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "பாத்தியா அம்மணி? இருக்கறதுலயே கெட்டிக்காரி வந்து உன்ற லேனப் புடுங்கிட்டாளே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். ஜெயித்தவளின் அப்பாவிடம் போய், "அந்த லேன் என்ற சம்சாரம் பூசுனதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் வாங்க என்று இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு இந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கிறது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

பாலுசாமி அண்ணன் குடோன் பேச்சை எடுப்பதில்லை. அடுத்த பந்தயத்துக்குத் தேதி கேட்கிறார்.

ஹர்ஷிணி போன் செய்தாள். எல்லாம் நல்லாயிருந்ததுங்க அக்கா, வலது லேன் மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்குது, அதைப் பாருங்க என்கிறாள். கமிட்டியும் அதையே சொல்லியிருக்கிறது. தராசை எடுத்து இழுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

அதனால் இன்று வலது லேனைச் சுரண்ட ஆரம்பித்தோம். சாமுவேல் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து சுரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் அம்மணி?"

நான் பிசின் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வெயிலில் அப்படியே நிற்கிறார். நான் சொல்லும்வரை சுரண்டியைத் தரையில் வைக்கவே இல்லை.